புதிய அம்சத்துக்குத் தனிச் சந்தா: வடசென்னைக் கடைக்காரர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

மண்ணடியிலிருந்து திருவொற்றியூர் வரையிலான கடைகளுக்குப் பில் போடும் மென்பொருளையும், அச்சகங்களுக்கு வடிவமைப்பு மென்பொருளையும் நிறுவிப் பராமரித்துத் தருவது என் தொழில். அண்மைக் காலமாக எந்தக் கடைக்குப் போனாலும் கணினியைத் திறப்பதற்கு முன்பே ஒரு கேள்வி காத்திருக்கிறது: “காசு கொடுத்து வாங்கின சாஃப்ட்வேருக்கு மாசா மாசம் எதுக்குத் தம்பி கட்டணும்?” நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இதற்கு இல்லை. ஆகவே, கடைகளில் என்னிடம் கேட்கப்பட்டவற்றைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த அளவில் இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

இந்த விவாதம் எதைப் பற்றியது?

முன்பெல்லாம் மென்பொருளை ஒருமுறை விலை கொடுத்து வாங்குவோம். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துப் புதிய பதிப்பு வந்தால், வேண்டுமானால் அதற்குத் தனியாகப் பணம் கொடுப்போம். வேண்டாமென்றால் பழையதிலேயே வேலை ஓடும். இப்போது பல நிறுவனங்கள் இந்த ஏற்பாட்டை மாற்றிவருகின்றன. நீங்கள் வாங்கிய மென்பொருள் அப்படியே இருக்கும், ஆனால் வாட்ஸ்அப்பில் பில் அனுப்புவது, கைப்பேசியில் இருப்பைப் பார்ப்பது, மின்விலைப்பட்டியல் (அரசுத் தளத்தில் பதிவாகும் இ-இன்வாய்ஸ்) எடுப்பது போன்ற புதிய அம்சங்கள் மாதச் சந்தாவோ ஆண்டுச் சந்தாவோ கட்டுகிறவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் என்கின்றன. வேறு சில நிறுவனங்கள் ஒருமுறை விலையையே நிறுத்திவிட்டன. கடைக்காரர்களில் ஒரு சாரார் இதைப் பகல் கொள்ளை என்கிறார்கள். புதிதாகக் கடை போட்ட இளைஞர்களோ, மொத்தமாகப் பெரிய தொகை புரட்ட வேண்டியதில்லை என்று வரவேற்கிறார்கள்.

சந்தா கேட்பதில் நியாயமே இல்லையா?

நியாயம் இருக்கும் இடமும் உண்டு, இல்லாத இடமும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கோபப்படுவதால்தான் நம் பக்கத்து வாதம் வலுவிழந்துபோகிறது.

பில் போடும் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது. மின்விலைப்பட்டியல் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும் கட்டாயமாக இருந்தது. படிப்படியாக வரம்பு இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கே கட்டாயம் என்றாகிவிட்டது. அதேபோல், 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில், எந்தப் பதிவு எப்போது திருத்தப்பட்டது என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் அந்த மென்பொருளை எழுதியவர்கள் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியிருந்தது. அரசு விதியை மாற்றும் ஒவ்வொரு முறையும், 2016-இல் நாம் கொடுத்த பணத்துக்காக அவர்கள் காலம் முழுவதும் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியாகாது. தரவைத் தங்கள் சர்வரில் வைத்துக் காப்பதற்கும் மாதந்தோறும் செலவு இருக்கிறது.

புதிய அம்சம் என்றாலே வெறும் பகட்டு என்று நினைக்கவும் வேண்டாம். யூனிகோடு தமிழை வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் ஒற்றைக் கொம்பு இடம் மாறி நிற்கும், எழுத்துகள் உடைந்து சிதறும். அந்தக் காலத்தை அச்சகத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அடோபி நிறுவனத்தின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின், 2012-இல் வந்த சி.எஸ். 6 பதிப்பில் இந்திய மொழிகளுக்கு முறையான ஆதரவு சேர்க்கப்பட்டது. அப்படி ஓர் அம்சத்துக்குப் பணம் கேட்டால் நான் மறுக்க மாட்டேன்.

புதிதாகச் செய்த வேலைக்குக் கூலி கேட்பதை ஏற்கிறேன். ஏற்கெனவே நம் கையில் இருந்ததைப் பிடுங்கி, அதைத் திருப்பித் தர வாடகை கேட்பதை ஏற்க மாட்டேன்.

வரி விகிதத்தை மாற்றவே சந்தா கட்டச் சொல்கிறார்களே, அது சரியா?

சரியில்லை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நடந்த ஒரு சம்பவத்தால் இந்தக் கேள்விக்கு என்னிடம் உறுதியான பதில் இருக்கிறது.

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. அதுவரை ஒன்று 1,000 ரூபாய் வரை உள்ள ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் என்றிருந்தது, 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் என்றானது. தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை. ஆயத்த ஆடைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் காலை எட்டு மணிக்கே என்னை அழைத்தார். அவர் மென்பொருளில் 1,800 ரூபாய் சுடிதாரை ஸ்கேன் செய்தால் 12 சதவீதமே விழுந்தது. நிறுவனத்தைக் கேட்டதற்கு, ஆண்டுச் சந்தாவைப் புதுப்பித்தால்தான் மாற்ற முடியும் என்று சொல்லிவிட்டார்கள். கல்லாவின் முன்னால் ஆட்கள் நிற்க, கணக்குப் பிள்ளை ஒவ்வொரு பில்லையும் கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

ஒழுங்காகச் செய்யப்பட்ட பில்லிங் மென்பொருளில் வரி விகிதமும் விலை வரம்பும் கடைக்காரரே திருத்தக்கூடிய பதிவுகளாக இருக்கும்; சரக்கின் பெயரையும் விலையையும் மாற்றுவதுபோல அதையும் மாற்றிக்கொள்ளலாம். அந்த எண்ணை நிரலுக்குள் புதைத்து வைத்தது தயாரித்தவரின் குறை. அந்தக் குறையைப் புதிய அம்சம் என்று பெயரிட்டு விற்பது ஏமாற்று வேலை. மென்பொருள் வாங்கும்போதே, “வரி விகிதத்தை நானே மாற்ற முடியுமா? மாற்றிக் காட்டுங்கள்” என்று எதிரிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

கணக்குப் போட்டால் எது லாபம்?

எடுத்துக்காட்டாக, ஒரு மென்பொருளின் ஒருமுறை விலை 18,000 ரூபாய், மாதச் சந்தா 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஒன்று 21,240 ரூபாய், மற்றது மாதம் 708 ரூபாய். 30 மாதங்களில் இரண்டும் சமமாகிவிடும். புதிய பதிப்பை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எப்படியும் வாங்குகிறவருக்குச் சந்தாவே மலிவு. ஆனால் நம் பகுதிக் கடைகளில் அப்படி வாங்குகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு பதிப்பை வைத்து ஐந்தாறு ஆண்டுகள் ஓட்டுகிறவர்களே மிகுதி. ஐந்து ஆண்டுச் சந்தா 42,480 ரூபாய், அதாவது சரியாக இரட்டிப்பு. அதோடு சந்தாத் தொகை இடையில் ஏறாது என்று யாரும் எழுதித் தருவதில்லை.

புதிதாகத் தொழில் தொடங்குகிறவரின் நிலை வேறு. கடை நிலைக்குமா என்றே தெரியாத முதல் ஆண்டில் 21,240 ரூபாயை முடக்குவதைவிட மாதம் 708 ரூபாய் கொடுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம் என்றுதான் அவர்களிடம் நானே சொல்கிறேன்.

கட்டிய ஜி.எஸ்.டி.யைத் திரும்பப் பெறலாமா?

வழக்கமான முறையில் பதிவு செய்தவர்கள், தொழிலுக்காக வாங்கிய மென்பொருளுக்கான வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு பில்லில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை.

சந்தாவை நிறுத்திவிட்டால் என் பழைய கணக்கும் கோப்புகளும் என்ன ஆகும்?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான், ஆனால் இதைக் கேட்கிறவர்கள் குறைவு. விலையைப் பற்றி அரை மணி நேரம் வாதாடுகிறவர்கள்கூட இதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

ஆண்டர்சன் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துத் தருகிறவர் ஒருவர் இருக்கிறார். ஒரு பங்குனி மாதம், முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ராயபுரத்திலிருந்து ஒரு குடும்பம் பத்திரிகையின் கடைசித் திருத்தத்துக்காக வந்து உட்கார்ந்திருந்தது. அந்த வாரம் அவருடைய வங்கி அட்டை மாறியிருந்ததால் சந்தாப் பணம் பிடிக்கப்படவில்லை. கோப்பு அவருடைய வன்தட்டில்தான் இருக்கிறது. மணமகளின் பெயரிலேயே சேமித்த கோப்பு கண்ணுக்கு எதிரே தெரிகிறது. அதைத் தட்டினால் பணம் கட்டச் சொல்லும் பெட்டி மட்டுமே திரும்பத் திரும்ப வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மகனின் அட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். “என் வீட்டுக்கு அவன் பூட்டுப் போட்டுட்டுப் போயிட்டாண்ணே” என்றார்.

அதே அறையின் மூலையில், மேலே துணி போர்த்திய பழைய கணினி ஒன்று இருக்கிறது. அதில் பக்கம் கட்டும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கர் 7.0 இருக்கிறது. 2001-இல் வந்த அதுதான் அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு. காத்திருந்த நேரத்தில் அந்தக் குடும்பத்துப் பெரியவர், தன் தங்கையின் கல்யாணப் பத்திரிகையையும் இங்கேதான் அடித்தோம் என்று சொல்ல, இவர் துணியை விலக்கிக் கணினியைப் போட்டுத் தேடினார். பல ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பத்திரிகை, பழைய தமிழ் எழுத்துருவோடு, ஓர் எழுத்துகூடக் குலையாமல் திறந்தது. காசு கொடுத்து வாங்கியது என்பதற்கும் வாடகைக்கு எடுத்தது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரே அறையில் பார்த்தேன்.

பில்லிங் மென்பொருளில் இது சட்டப் பிரச்சினையாகவும் மாறும். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஓர் ஆண்டின் கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். இரண்டு ஆண்டு சந்தா கட்டிவிட்டு நிறுத்தியவரிடம், நான்காம் ஆண்டில் அதிகாரி கணக்கைக் கேட்டால், “சாஃப்ட்வேர் திறக்கவில்லை” என்று சொல்லித் தப்ப முடியாது. சந்தா முடிந்த பிறகும் பழைய பதிவுகளைப் பார்க்கவும் அச்சிடவும் எக்செல் கோப்பாக எடுக்கவும் வழி உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கு மறுக்கும் நிறுவனத்தின் மென்பொருளை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், என் வாடிக்கையாளர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

எல்லா நிறுவனங்களும் இப்படிச் செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் கடைகளில் பரவலாக இருக்கும் டாலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளில் நிரந்தர உரிமத்தை வாங்கினால், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சேவைக் கட்டணத்தைக் கட்டாமல் விட்டாலும் கையில் உள்ள பதிப்பில் கணக்கு எழுதலாம். புதிய பதிப்புகளும் இணையம் வழியான சில வசதிகளும்தான் கிடைக்காமல் போகும்.

வாடிக்கையாளர்கள் எதிர்த்து எங்கேயாவது பலன் கிடைத்திருக்கிறதா?

கிடைத்திருக்கிறது, கிடைக்காமலும் போயிருக்கிறது. அடோபி நிறுவனம் 2013 மே மாதத்தில், சி.எஸ். 6 பதிப்புக்குப் பிறகு ஒருமுறை விலைக்கு விற்கப்போவதில்லை, இனிச் சந்தா மட்டுமே என்று அறிவித்தது. பயனர்கள் இணையத்தில் கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள். நிறுவனம் பின்வாங்கவில்லை.

செக் நாட்டில் தொடங்கப்பட்ட ஜெட்பிரெயின்ஸ், நிரல் எழுதுகிறவர்களுக்கான கருவிகளைச் செய்கிற நிறுவனம். 2015 செப்டம்பர் தொடக்கத்தில் அதுவும் முழுக்கச் சந்தா முறைக்கு மாறுவதாக அறிவித்தது. பயனர்கள் சந்தாத் தொகையைவிட, கட்டுவதை நிறுத்தினால் கருவியே செயலிழந்துவிடும் என்பதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். இரண்டே வாரங்களில் நிறுவனம் திட்டத்தைத் திருத்தியது. தொடர்ந்து 12 மாதம் கட்டியவர், நிறுத்திய பிறகும், அந்த 12 மாதத்தின் தொடக்கத்தில் இருந்த பதிப்பை என்றென்றைக்கும் பயன்படுத்தலாம் என்று உரிமை கொடுத்தது.

நிரல் எழுதுகிறவர்களுக்குக் கிடைத்த இந்த ஏற்பாட்டைத்தான் நம் கடைக்காரர்களும் கேட்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்லிவருகிறேன். சந்தாவே கூடாது என்று கேட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். ஓராண்டு கட்டிய பணத்துக்கு ஒரு பதிப்பாவது எங்கள் கையில் நிற்க வேண்டும் என்று கேட்டால் அவர்களால் எளிதில் மறுக்க முடியாது.

நான் கேட்காத ஏ.ஐ. வசதியைச் சேர்த்துவிட்டு விலையை ஏற்றுகிறார்களே?

மைக்ரோசாப்ட் 365 சந்தாவில் கோபைலட் என்ற ஏ.ஐ. வசதியைச் சேர்த்து விலையை உயர்த்தியபோது ஆஸ்திரேலியாவில் நடந்ததை இதற்கு விடையாகச் சொல்லலாம். சுமார் 27 லட்சம் வாடிக்கையாளர்களை அந்த நிறுவனம் தவறாக வழிநடத்தியது என்று அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குத் தொடர்ந்தது. கோபைலட் இல்லாமல் பழைய விலையிலேயே தொடரும் ‘கிளாசிக்’ திட்டம் ஒன்று இருந்தும், சந்தாவை ரத்து செய்யத் தொடங்கினால் மட்டுமே அது கண்ணில் படும்படி வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதன் பிறகு நிறுவனம் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டு, கூடுதல் தொகையைத் திருப்பித் தரவும் முன்வந்தது.

விலை ஏறியதாகச் செய்தி வந்தால், உடனே கட்டிவிடாமல் ரத்து செய்யும் பக்கம் வரை போய்ப் பாருங்கள். கடைசிப் பொத்தானை அழுத்தும் வரை எதுவும் ரத்தாகாது. அங்கேதான் பல நேரங்களில் குறைந்த விலைத் திட்டம் வெளிவருகிறது.

கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிப்பதை எப்படிக் கட்டுப்படுத்துவது?

2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, அட்டையிலிருந்து தொடர்ந்து பிடிக்கும் தொகைக்கு முதலில் உங்கள் ஒப்புதல் வேண்டும், ஒவ்வொரு முறையும் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு செய்தியும் வர வேண்டும். 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட சந்தா என்றால் ஒவ்வொரு தடவையும் ஓ.டி.பி. போன்ற கூடுதல் சரிபார்ப்பு தேவை. நீங்கள் கொடுத்த அந்த ஒப்புதலை வங்கி வழியாகவே ரத்து செய்யலாம், யு.பி.ஐ. ஆட்டோபே என்றால் உங்கள் செயலியிலேயே நிறுத்தலாம். மென்பொருள் நிறுவனத்தின் தயவு தேவையில்லை. ஆனால் ஆண்டு ஒப்பந்தத்தை மாதத் தவணையில் கட்டுவதாகக் கையெழுத்திட்டிருந்தால், பணம் போவதை நிறுத்தினாலும் பாக்கி உங்கள் பேரில் நிற்கக்கூடும். அடோபியின் அப்படிப்பட்ட திட்டத்தில், இடையில் விலகுவதற்கான கட்டணத்தை மறைத்தார்கள் என்று அமெரிக்க அரசு 2024 ஜூனில் வழக்கே போட்டது. மாதச் சந்தா என்று எழுதியிருந்தாலும், அது மாத ஒப்பந்தமா, ஆண்டு ஒப்பந்தத்தின் மாதத் தவணையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புகார் செய்ய இடம் இருக்கிறதா?

இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறைகள், இணைய வணிகத்தில் தடை செய்யப்பட்ட 13 வகைத் தந்திரங்களை வரையறுக்கின்றன. ரத்து செய்வதை வேண்டுமென்றே கடினமாக்கும் சந்தாப் பொறி அவற்றில் ஒன்று. இலவசச் சோதனைக் காலம் முடிந்ததைச் சொல்லாமலே பணம் பிடிப்பது, பயன்படுத்தாத அம்சத்துக்குக் கட்டணம் வசூலிப்பது போன்றவையும், மென்பொருள் சந்தாவுக்கென்றே உள்ள ஒரு தனி வகையில் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். வடசென்னைக்கென்று தனி ஆணையம் இருக்கிறது, நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. ஒரு சிக்கலை மட்டும் சொல்லிவிடுகிறேன். வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. ஆனால் சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கிப் பயன்படுத்துகிறவருக்கு விலக்கு உண்டு. தனி ஆளாக டி.டி.பி. (கணினியில் பக்க வடிவமைப்பு) செய்கிறவர் இதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லலாம். பத்துப் பேரை வேலைக்கு வைத்திருக்கும் மொத்த வியாபாரி வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

மழைக்காலத்தில் கிளவுடு சந்தா உதவுமா?

உதவும், அதே மழையில் கைவிடவும் கூடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் தரைத்தளக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மேசைக்கடியில் வைத்திருந்த கணினிகளை நான் சேறோடு தூக்கி வந்தேன். கிளவுடில், அதாவது மென்பொருள் நிறுவனத்தின் சர்வரில், தரவை வைத்திருந்தவர்கள் வேறு கணினியில் மறுபடி தொடங்கினார்கள். தரவு பத்திரமாக இருந்தும், மின்சாரமும் இணையமும் சீராகும் வரை உரிமத்தைச் சரிபார்க்க முடியாமல் மென்பொருளைத் திறக்க இயலாதவர்களும் இருந்தார்கள். இணையம் இல்லாமல் எத்தனை நாள் ஓடும் என்பதை வாங்கும் முன்பே கேளுங்கள். வாரம் ஒருமுறை பென்டிரைவில் ஒரு பேக்கப் எடுத்து, அதைக் கடையில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

இதற்குப் பதில் கிராக் போட்டுக்கொண்டால் என்ன?

கூடாது. திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கிராக் கோப்போடு வந்த வைரஸ் ஒரு கடையின் மொத்த லெட்ஜரையும் பூட்டிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். செலவைக் குறைக்க நேர்மையான வழிகளே இருக்கின்றன. படங்களுக்கு ஜிம்ப், வரைவதற்கு இங்க்ஸ்கேப், பக்கம் கட்ட ஸ்கிரைபஸ், கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஆபீஸ் ஆகியவை இலவசம். கேன்வா நிறுவனம் 2024-இல் வாங்கிய அஃபினிட்டி மென்பொருளும் 2025 அக்டோபர் முதல் இலவசமாகக் கிடைக்கிறது, ஏ.ஐ. வசதிகளுக்கு மட்டும் கேன்வா சந்தா வேண்டும். புதிய அம்சத்துக்குச் சந்தா கேட்பவர்கள், அடிப்படையான வேலையைத் தடுக்காமல் இப்படிக் கேட்பது எனக்கு உடன்பாடே.

நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினால் எப்படி எழுதுவது?

திட்டி எழுத வேண்டாம். வாங்கிய தேதியையும் பில் எண்ணையும் முதலில் குறிப்பிடுங்கள். பிறகு இப்படி எழுதலாம்: “நாங்கள் வாங்கியபோது இருந்த வசதிகள் சந்தா இல்லாமலே தொடரும் என்பதை உறுதிப்படுத்துங்கள். ஓராண்டு சந்தா கட்டி நிறுத்தினால் எந்தப் பதிப்பு எங்களிடம் இருக்கும் என்பதையும், எங்கள் கணக்குகளை 72 மாதங்களுக்குக் குறையாமல் எப்படித் திறந்து பார்ப்பது என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள்.” ஒரே தெருவில் அதே மென்பொருளை வைத்திருக்கும் கடைகள் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். தனித்தனியாகப் போனில் கேட்ட அண்ணாச்சிமார்களுக்குப் பதிலே வராத ஒரு நிறுவனத்திடமிருந்து, பதினோரு கடைகளின் கையெழுத்தோடு போன கடிதத்துக்கு நான்காம் நாளே பதில் வந்தது.